புற்றுக்காளானைப் பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்!

[திரையில்: வாழை இலை மேல் இரண்டு காளான்கள்]

இரண்டுக்கும் வெள்ளைக் குடை, வெள்ளைக் காம்பு. ஒன்றில் என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மிளகு அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார். இன்னொன்றைச் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் வயிறு கலங்கி, ராத்திரி முழுக்கக் கழிப்பறைதான் கதி. எது குழம்பு, எது கழிப்பறை? கமெண்டில் போடுங்கள்.

போட்டாயிற்றா? சரி, அந்தப் பதில் செல்லாது. சரியாகவே இருந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம். ஏனென்றால் நான் வேண்டுமென்றே காம்பை நறுக்கிவிட்டுத்தான் இலையில் வைத்தேன். முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

வணக்கம் மக்களே. ஐப்பசி மழை பிடித்ததும் என் வாட்ஸ்அப்பில் காளான் முளைக்க ஆரம்பித்துவிடும். “அண்ணா, இது சாப்பிடலாமா?” என்று மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியையும் நம்பி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

காளான் செடி இல்லை, பூஞ்சை. மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவிக் கிடப்பதுதான் ஆள். நாம் பறிப்பது அதன் காய் மாதிரி. பாடம் முடிந்தது, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: வேலி ஓரத்தில் ஒரு புற்று]

அம்மிச்சி குழம்பு வைப்பது கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானை. சின்ன வயதில் நான் அதில் ஒன்றை முள்ளங்கி பிடுங்குவது மாதிரி இழுத்தேன். காம்பு பாதியில் ஒடிந்தது. அம்மிச்சி தலையில் ஒரு குட்டு வைத்து, “இழுக்காத கண்ணு, தோண்டு” என்று களைக்கொத்தைக் கையில் கொடுத்தார். தோண்டத் தோண்ட காம்பு போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு முழம் போனபிறகு அடியில் ஒரு பொந்து. அதற்குள் பழுப்பு நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, கடற்பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. அதன்மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை வெள்ளை மணிகள். சுற்றிலும் கறையான்.

அந்த உருண்டைதான் கறையானின் தோட்டம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கறையான் காய்ந்த இலையையும் கட்டையையும் தின்று வந்து, அரைகுறையாகச் செரித்த எச்சத்தை அடுக்கடுக்காக வைக்கிறது. அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. மரத்தில் இருக்கும் கடினமான பொருளைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது, கறையான் சாப்பிடுகிறது. புற்றுக்குள் வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கும். வேறு பூஞ்சை முளைத்தால் களையெடுப்பு. கூலி ஆள் தட்டுப்பாடே இல்லாத பண்ணை! மனிதன் விவசாயம் தொடங்கிப் பன்னிரண்டாயிரம் வருடம் ஆகியிருக்கலாம். கறையான் தொடங்கிச் சுமார் 3 கோடி வருடம் ஆகிறது, அதுவும் ஆப்பிரிக்காவில்.

இந்தப் பூஞ்சைக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். இதே இனத்தில் ஆப்பிரிக்காவில் ஒன்று இருக்கிறது: குடையின் அகலம் ஒரு மீட்டர் வரை போகும். நிஜமாகவே மழைக்குப் பிடிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தால் பால்காளானுக்கு ஏபிகே 2 என்று ரகமே கொடுக்க முடிந்தது. புற்றுக்காளானுக்கு இன்னும் பண்ணை கிடையாது. விதை நம்மிடம் இருந்தாலும் விவசாயி கறையான் ஆயிற்றே!

சரி, மண்ணை முட்டி மேலே வர வேண்டுமே? அதற்குத்தான் குடையின் நடுவில் கூரான முனை. கடப்பாரை நுனி மாதிரி மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்து, வெளியே வந்ததும் விரிகிறது. ஆக, நடுவில் கூர்முனை, கீழே வேர் மாதிரி நீளும் காம்பு, அடியில் கறையான் தோட்டம். மூன்றையும் பார்க்க வேண்டும். வேர் மட்டும் இருந்தால் போதாது. மண்ணில் புதைந்த கட்டையிலிருந்து வேர்விட்டு வரும் வேறு காளான்களும் உண்டு.

சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் ஒரு ஏழை வீட்டுச் சமையலறை வருகிறது. பழைய சுவரைக் கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைப்பது காளானை இல்லை, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை. அதே கீரையைக் கென்யாவில் இன்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் தனி வீடியோவில் வரும்.

[திரையில்: கறுப்புப் பின்னணி]

இப்போது சிரிக்காத பகுதி. 2022 ஏப்ரலில் அசாமில் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். உலகத்தில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமானிடா இனத்தில், கொல்லும் வகைகளின் விஷம் கல்லீரல் செல்கள் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு, சில சமயம் அதற்கு மேலும், ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அடுத்த நாள் சரியாகிவிட்டது மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம், கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் சந்தேகம் வந்தவுடன் 108. மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதன் அடையாளம் எங்கே இருக்கிறது தெரியுமா? காம்பின் அடியில், முட்டை ஓடு உடைந்த மாதிரி ஒரு கிண்ணம். அதுவும் மண்ணுக்குள். நல்லதற்கும் கெட்டதற்கும் சாட்சி கீழேதான் இருக்கிறது, நாமோ குடையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பதெல்லாம் பொய். கொல்லும் காளானை நத்தை நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும்.

இலையில் வைத்த இரண்டாவது காளான்? எங்கள் தெருப் பூங்காவின் புல்தரையில் பறித்தது. வீட்டில் செய்துபார்க்கலாம்: குடையை மட்டும் நறுக்கி, வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்து, டம்ளரால் மூடி, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் வித்துத்தூள் தாளில் கோலம் போட்டிருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு ஓடிய வெளிர் நிறம். பூங்காக் காளானுக்கு...

[திரையில்: தாளைத் திருப்புகிறேன்]

பச்சை! மேலே பால் வெள்ளை, தூள் பாசிப்பச்சை. குளோரோஃபில்லம் என்ற இனம். கழிப்பறைக்குப் போக வைப்பது இதுதான். இந்தச் சோதனை பார்ப்பதற்கு மட்டும், சமைப்பதற்கு அனுமதிச்சீட்டு இல்லை. உங்கள் ஊரில் பழகிய கை ஒன்று கூட வந்து, தோண்டி, ஆம் என்று சொன்னால்தான் சட்டி.

தாளில் கோலம் விழுந்தால் படம் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். அம்மிச்சியின் புற்று எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். வருடா வருடம் அதே இடத்தில் முளைக்கிறது. என் கண்ணைக் கட்டாத குறையாகத்தான் என்னையே கூட்டிப்போனார்.