பாக்கெட் பின்னால் எழுதின கணக்கு

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. என் கொங்கு இழுவையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. 31 வருஷம் காப்பித்தூள் அரைத்து விற்றவன் நான், மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. கடையில் நான் அதிகம் பேசினது "சிக்கரி எத்தனைங்க போடட்டும்?" என்கிற ஒரே கேள்விதான். இந்தக் கதையில் பெரிய சண்டையும் அதில்தான் வந்தது.

இரண்டு வருஷம் முன்னால் எங்கள் ஊர்ப் பசங்க நாலைந்து பேர் கடைக்கு வந்து, "மாமா, ஊரே சேர்ந்து ஒரு ஸ்பெஷாலிட்டி காப்பி கலந்து வித்து, அந்தப் பணத்தை டயாலிசிஸ் பண்றவங்களுக்குக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். நம்ம பக்கம் நல்ல காரியத்துக்குப் பணம் வேண்டுமென்றால் ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு மில் படி ஏறுவோம், முடிந்தது. இதற்குக் காப்பி எதற்கு என்றேன். ரசீதுப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மாமா, அவங்க வாரத்துக்கு மூணு தடவை போறாங்களே என்றான் ஒருவன். சரியான பேச்சு. டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் நடந்துவிடுகிறது. ஆனால் அந்தியூருக்கு அந்தாண்டை ஒரு ஊரிலிருந்து பஸ் மாறி ஈரோடு வந்து, நாலு மணி நேரம் படுத்திருந்து, தலை சுற்றலோடு திரும்பப் போக வேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. அந்தச் செலவெல்லாம் கைக்காசுதான்.

சரி, ஸ்பெஷாலிட்டி என்றால் என்ன? விலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாதி உண்மைதான். பழுத்த பழமாகப் பறித்து, கறுத்த கொட்டை, பூச்சி துளைத்த கொட்டை எல்லாம் பொறுக்கித் தள்ளி, பழகின ஆட்கள் குடித்து நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் போட்டால்தான் அந்தப் பேர். ஏற்காட்டில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி விளைகிறது. கொல்லிமலையில் மிளகுக் கொடிக்கும் பலாவுக்கும் நடுவில் விளைகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அது எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று என் கடையில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ருசி பார்க்கும் நாளைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருத்தரின் மஞ்சள் குடோன் மாடியில் இருபது பேருக்கு மேல் கூடினோம். தோட்டம் பேர் எழுதாமல் அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து வரிசைக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் எட்டு கிராமுக்குச் சற்று மேல் தூள், 150 மில்லி வெந்நீர், நாலு நிமிஷம். மேலே கட்டின நுரையைக் கரண்டியால் உடைத்து மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும், அப்புறம் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்ச வேண்டும். சத்தம் வராவிட்டால் பிரயோஜனமில்லை, அப்போதுதான் நாக்கு முழுக்கத் தெறித்து வாசம் மூக்குக்கு ஏறும். நம்பியூரிலிருந்து வந்த ஒரு அமுச்சி (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்), "சின்னதுல இப்படி உறிஞ்சுனா எங்கய்யன் மண்டையில கொட்டுவாரு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எல்லாரையும் விடப் பலமாக உறிஞ்சினார். 'இ' கிண்ணத்தில் பச்சைப் பயறு வறுத்த வாசம் அடிக்கிறது என்றார். அது சரியாக வறுபடாத கொட்டைதான், நான் கண்டுபிடிக்கவில்லை.

சண்டை சிக்கரியில் வந்தது. பெரியவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. சிக்கரி ஒரு வேர், அதில் கஃபீன் கிடையாது, கெட்டியும் நிறமும் கொடுக்கும், விலையைக் குறைக்கும். 49 சதம் வரைக்கும் கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, பாக்கெட்டில் அளவை எழுதினால் போதும். பசங்களோ சிக்கரி போட்டால் அது ஸ்பெஷாலிட்டியே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கடைசியில் நான்தான் பெரியவர்களிடம் சொன்னேன்: உங்களுக்குப் பாலில் அமுங்காத கெட்டி வேண்டும், அவ்வளவுதானே, நல்ல ரோபஸ்டா போட்டுப் பார்ப்போம். காப்பியில் இரண்டு வகை பெரிசுங்க: அரபிகா வாசத்துக்கு, ரோபஸ்டா கெட்டிக்கும் கசப்புக்கும். ஏற்காடு அரபிகா 70, கூடலூர் ரோபஸ்டா 30, நடுத்தர வறுவல். ஃபில்டரில் இறக்கிப் பால் ஊற்றிக் கொடுத்தேன். கை தூக்கச் சொன்னால் அமுச்சி இரண்டு கையையும் தூக்கினார்.

முதல் தடவை மானம் போயிற்று. வறுத்த அன்றைக்கே, அரைக்காமல் கொட்டையாகவே சூட்டோடு சூடாகப் பாக்கெட்டில் அடைத்து ஒட்டிவிட்டோம். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு நாள் கணக்கில் வந்துகொண்டே இருக்கும், மறு நாள் பார்த்தால் பாக்கெட்டெல்லாம் பலூன். மளிகைக்கடைக்காரர் கெட்டுப்போச்சு என்று மூட்டையோடு திருப்பி அனுப்பினார். 31 வருஷம் அரைத்துத் தூளாகவே கொடுத்த எனக்கு அந்த யோசனையே வரவில்லை. இப்போது ஒருவழிக் காற்றுத் திறப்பு வைத்த பாக்கெட்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். "லாபம் முழுவதும் தொண்டுக்கு" என்று போடலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. எது போக லாபம்? வண்டிச் செலவு, போன் செலவு என்று எழுதிக்கொண்டே போனால் லாபத்தை எப்போது வேண்டுமானாலும் பூஜ்ஜியமாக்கலாமுங்க, வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? அதனால் மொய் நோட்டு மாதிரி வரிவரியாகப் பாக்கெட்டின் பின்னாலேயே எழுதிவிட்டோம். கால் கிலோ 300 ரூபாய். பச்சைக் கொட்டைக்கு 150, ஏனென்றால் வறுக்கையில் எடை குறையும், கால் கிலோவுக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். வறுக்க 30, பாக்கெட்டுக்கு 20, கடைக்காரருக்கு 15, வரிக்கு 15. பாக்கி 70 ரூபாய் நோயாளிகளுக்கு, எங்களுக்கு நஷ்டமானாலும் அது அவர்களுக்குப் போய்ச் சேரும். இதைப் பார்த்துவிட்டு ஒருத்தர், "தோட்டக்காரனுக்கே பாதியா?" என்று கேட்டார். ஆமாங்க. தொண்டு என்று சொல்லிக்கொண்டு அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினால் அந்தத் தொண்டைச் செய்தது யார்?

பரிதாபத்துக்கு ஒரு பாக்கெட் வாங்குவார்கள். இரண்டாவது பாக்கெட் ருசிக்குத்தான் விற்கும்.

போன மாசம் பவானிப் பக்கம் ஒரு நோயாளி வீட்டுக்குப் பஸ் செலவுப் பணம் கொடுக்கப் போனோம். ஜமக்காளம் நெய்தவர், இப்போது தறியில் உட்கார முடியவில்லை. எங்கள் காப்பியைக் குடித்துப் பார்க்கணும் என்றார். டாக்டர் அவருக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருக்கிறார், ரசம், மோர், காப்பி எல்லாம் அதற்குள்தான். அன்றைய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். நான் டம்ளரில் கால்வாசி ஊற்றினேன். அவர் பாட்டிலைத் திறந்து அதே அளவு தண்ணீரை வாசல் துளசிக்கு ஊற்றிவிட்டு, அப்புறம் டம்ளரை எடுத்தார். வாயில் வைத்து ரொம்ப நேரம் விழுங்கவே இல்லை.

"ரோபஸ்டா கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.

இந்த மாசக் கலவையில் 30ஐ 25 ஆக்கியிருக்கிறோம். வெளியே மேஜையில் இருக்கிறது, குடித்துப் பார்த்துவிட்டுப் போங்க.