ஆஸ்திரேலியாவில் எந்த மூலைக்குப் போகிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். முதல்முறையாக ஆஸ்திரேலியா போக நினைப்பவர்களுக்கு உதவும்படி பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். பயண ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். அதனால் என் மேசைக்கு வரும் திட்டங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முக்கால்வாசித் திட்டங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். சிட்னி, மெல்போர்ன், கோல்டு கோஸ்ட், வடக்கே பவளப்பாறை, நடுவில் அந்தச் செந்நிறப் பெரும்பாறை, முடிந்தால் பெர்த். மொத்தம் பத்து நாள். கேட்கிற குடும்பம் இதற்குமுன் வெளிநாடே போயிருக்காது. கூட வரும் பெரியவர்களுக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். அந்தத் தாளைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஆஸ்திரேலியாவில் எந்த மூலைக்குப் போகிறீர்கள்?" என்பதுதான்.

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர்; இந்தியாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மக்களோ மூன்று கோடிகூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கடலோரத்துச் சில நகரங்களில் வாழ்கிறார்கள். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே அவ்வளவு ஆகாது. அதே இரு நகரங்களுக்கு நடுவே 'இந்தியன் பசிபிக்' என்று ஒரு ரயில் ஓடுகிறது. 4,352 கிலோமீட்டர், வண்டியில் மூன்று இரவு. வழியில் நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளம் ஒரு வளைவும் இல்லாமல் நேர்க்கோடாகப் போகிறது.

இப்போது அந்தப் பத்து நாள் திட்டத்தைக் கணக்குப் பாருங்கள். ஆறு ஊர் என்றால் நடுவில் ஐந்து விமானப் பயணம். ஒவ்வொன்றுக்கும் அறையைக் காலி செய்து, பெட்டியைக் கட்டி, விமான நிலையத்தில் காத்திருந்து, இறங்கி, அடுத்த அறையைத் தேடிச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். சில நாள் முழுசாகவே போகும். கையில் மிஞ்சுவது ஆறேழு நாள். அவ்வளவு செலவழித்துப் போய் விமான நிலையங்களைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

நான் சொல்லும் யோசனை இதுதான். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சிட்னியில் இறங்குங்கள், மெல்போர்னில் விமானம் ஏறுங்கள். போக வர இரண்டையும் ஒரே டிக்கெட்டாகவே எடுக்கலாம். நம் பக்கத்திலிருந்து பெரும்பாலோர் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு இவற்றில் ஓரிடத்தில் விமானம் மாறித்தான் போகிறார்கள். அந்த வழித்தடங்களில் இப்படிச் செய்வது எளிது. சிட்னிக்கு ஒரு வாரம், மெல்போர்னுக்கு ஒரு வாரம். நடுவில் ஒரே ஒரு விமானம், ஒன்றரை மணி நேரம். மூன்றாவதாக ஓரிடம் வேண்டும் என்று மனசு கேட்டால், பவளப்பாறைக்கு கெய்ர்ன்ஸ் அல்லது அந்தச் செந்நிறப் பாறைக்கு உலுரு, இரண்டில் ஒன்று. இரண்டும் வேண்டும் என்பவர்கள் மூன்று வாரமாக்குங்கள்.

சிட்னியில் ஒரு வாரம் என்ன செய்வது என்று கேட்பார்கள். செர்குலர் கீ படகுத்துறையில் நின்றால் ஒரு பக்கம் 1932-இல் திறந்த துறைமுகப் பாலம், மறுபக்கம் 1973-இல் திறந்த ஒபேரா ஹவுஸ். அங்கிருந்து மேன்லி என்ற கடலோரப் பகுதிக்கு ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகு இருக்கிறது. அரை மணி நேரம், சாதாரணக் கட்டணம். ஒபேரா ஹவுஸை ஒட்டியபடியே போகும். தனியாக உல்லாசப் படகுக்குப் பெரிய தொகை கொடுக்கத் தேவையே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கிக் கார்டைக் கருவியில் தொட்டால் போதும், பணம் கழிந்துவிடும். ஆனால் ஒரு கார்டு ஒருவருக்குத்தான். கணவனும் மனைவியும் ஒரே கார்டைத் தொட முடியாது. ஆளுக்கொரு கார்டு கொண்டு போங்கள். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேர ரயிலில் கட்டூம்பா போனால் நீலமலைத் தொடர். எக்கோ பாயின்டில் நின்று 'மூன்று சகோதரிகள்' பாறைகளைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம்.

மெல்போர்னில் நகர மையத்துக்குள் டிராமுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே எனக்குப் பிடித்தது 'கிரேட் ஓஷன் ரோடு'. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், திரும்பாமல் போன தங்கள் தோழர்களின் நினைவாக 1919-லிருந்து 1932 வரை வெட்டிய சாலை. டார்க்கியிலிருந்து மேற்கே 240 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. அங்கேயும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் மேற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்கள் இடப்பக்கமே வரும். பலர் இதை ஒரே நாளில் பேருந்தில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் அப்போலோ பேயிலோ போர்ட் கேம்பலிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். 'பன்னிரு அப்போஸ்தலர்' என்கிற பாறைத்தூண்களைக் காலை வெயிலில் பார்க்கலாம். பெயர்தான் பன்னிரண்டு, அத்தனை தூண்கள் அங்கே இல்லை; 2005-இல்கூட ஒன்று இடிந்து விழுந்தது. வண்டியை நீங்களே ஓட்டுவதானால் விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் நாட்டுப்புறச் சாலைகளைத் தவிர்த்துவிடுங்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது.

மெல்போர்னிலிருந்து போய்வரக்கூடிய பிலிப் தீவில் பென்குயின்கள் அந்தி நேரத்தில் கடலிலிருந்து கரையேறி வருவதைப் பார்க்கலாம். முழங்கால் உயரம்கூட இருக்காது. கூட்டம் கூட்டமாக மணலில் நடந்து வளைக்குப் போகும். அங்கே படம் எடுக்கக் கூடாது, கைபேசியிலும் கூடாது. கடற்காற்று எலும்பைத் துளைக்கும். கனமான ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

எப்போது போவது? அங்கே பருவங்கள் நமக்கு நேர் எதிர். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடை, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் விலை உச்சத்தில் இருக்கும். நமக்கு வாகான ஒரு விஷயம் உண்டு. இங்கே பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை விடும்போது, அங்கே இலையுதிர்காலம். சிட்னியிலும் மெல்போர்னிலும் இதமான வெயில், உலுருவில் கொளுத்தல் தணிந்திருக்கும், வடக்கே மழைக்காலம் முடிந்திருக்கும். முதல் பயணத்துக்கு மே மாதத்தைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியவில்லை.

விசாவுக்கு வருவோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சப்-கிளாஸ் 600 என்கிற வருகையாளர் விசா. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்திலேயே கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அங்கேயே. பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்ட மாட்டார்கள். மின்னஞ்சலில் கடிதம் வரும். போய்விட்டுத் திரும்பி வருவீர்களா என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார். வேலை, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, இங்கே இருக்கும் குடும்பம், சொத்து இவற்றைக் காட்டுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமோ வாங்கிக் கணக்கில் போட்ட பெரிய தொகை உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும். 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதற்கும் நாள் ஒதுக்குங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். "நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த உறுதியை எந்த முகவராலும் தர முடியாது.

காப்பீடு எடுக்காமல் பெரியவர்களை அனுப்பாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆம்புலன்ஸுக்கே கட்டணம் உண்டு. மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலக்காமல், அட்டையோடு, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கான அளவுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது பெட்டி. நம் வீட்டுப் பெட்டிகளை எனக்கு நன்றாகத் தெரியும். மேலே துணி, நடுவில் பருப்புப்பொடி, ஊறுகாய் பாட்டில், பால்கோவா, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, மகள் வீட்டுத் தோட்டத்தில் போட நாலு அவரை விதை. அன்போடு கட்டியது எல்லாம். ஆனால் அந்த நாட்டுக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1859-இல் விக்டோரியாவில் ஒரு நிலக்கிழார் வேட்டைக்காக விட்ட சில முயல்கள் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியையும் மேய்ந்துவிட்டன. 1935-இல் கரும்பு வண்டை அழிக்க என்று குயின்ஸ்லாந்தில் இறக்கிய தேரைகள் இன்றுவரை பரவிக்கொண்டே போகின்றன. வெளியிலிருந்து வரும் இலை, விதை, பால்பொருள், இறைச்சி என்றால் அவர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு இதெல்லாம் காரணம்.

நாட்டுக்குள் நுழையும்போது ஒரு வருகை அறிக்கை தர வேண்டும். உணவுப்பொருள் கொண்டுவருகிறீர்களா, செடி விதை உண்டா, மருந்து உண்டா என்று கேட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்று குறியுங்கள். குறித்துவிட்டால் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார், ஆகாததை எடுத்துக்கொள்வார், ஆகும் என்பதைத் திருப்பித் தருவார். அபராதம் இல்லை. 'இல்லை' என்று குறித்துவிட்டு உள்ளே கறிவேப்பிலை இருந்தால் அது பொய் அறிக்கை. பெரிய அபராதம் விதிக்கலாம். 2019-லிருந்து விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பியும் அனுப்பலாம். பச்சை இலையும் பால் இனிப்பும் விதையும் வேண்டவே வேண்டாம். மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் போனால் தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கிறது. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக்கூடக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். உள்நாட்டிலேயே பழத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை உள்ள இடங்கள் உண்டு.

கடலைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நாம் அங்கே போனதும் மகிழ்ச்சியில் இறங்கிவிடுகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது அந்தக் கடற்கரைகளுக்கு அப்படியே பொருந்தும். கரையிலிருந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாக இருக்கும். குழந்தையை இறக்க வாகான இடம்போலத் தோன்றும். அதுதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் வழி. 1967 டிசம்பர் 17 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட், நீச்சலில் நல்ல பழக்கம் உள்ளவர், விக்டோரியாவின் செவியட் கடற்கரையில் நீந்தப் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். உயிர்காக்கும் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. கொடி இல்லாத கடற்கரையில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவேளை இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள். பிள்ளைகளுக்கு இதை ஊரிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்துப் போங்கள்.

உலுரு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 348 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் அந்தப் பாறை, அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களின் புனித இடம். 1985 அக்டோபர் 26-இல் அந்த நிலம் அவர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஏற வேண்டாம் என்று அவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டார்கள். 2019-இல் அதே அக்டோபர் 26-லிருந்து ஏறுவது முற்றிலும் நிறுத்தப்பட்டது. அடிவாரத்தைச் சுற்றி நடக்கலாம், பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிரிவலம் போய்ப் பழகிய நமக்கு அது புதிதாக இருக்காது. சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கே கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள்.

வரும் மே மாதம் போக நினைப்பவர்கள் பொங்கலுக்குள் தேதியை முடிவு செய்து, பிப்ரவரிக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சமையலறை உள்ள அடுக்ககமாகப் பார்த்து அறை எடுங்கள். அரிசியும் தயிரும் எல்லாப் பெரிய கடையிலும் கிடைக்கும், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பிளக்குக்குச் சாய்ந்த கால்கள் உள்ள மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு எண்கள், பெரியவர்களின் கைப்பையில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஆபத்து என்றால் 000: காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுவே. இன்னொன்று 131 450, அரசின் மொழிபெயர்ப்புச் சேவை. அழைத்து "தமிழ்" என்று சொன்னால் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். மகனோ மகளோ வேலைக்குப் போன நேரத்தில் அம்மா தனியாக ஒரு மருத்துவமனையில் பேச வேண்டி வந்தாலும் தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.