பெயிண்ட் அடிக்காத கைப்பிடி

(நகர நூலகக் கூடத்தில் புகைப்படக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைக் கொடுத்ததோடு, ஆறு மாதமாக ஓடாத மின்விசிறியையும் இன்றைக்கென்று ஓடவைத்திருக்கும் நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் எழுந்து நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. போன மழைக்காலத்தில் சந்தைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியவர் அவர். அதை நான் படம் எடுத்தேன். மாட்டலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாங்க சார், எதிர்க்கட்சிக்காரர் அந்தத் தண்ணியைத்தான் காட்டுவார்" என்றார். அதனால் அந்தப் படம் சுவரில் இல்லை. வணிகர் சங்கத் தலைவர் நாற்பத்திரண்டு படச் சட்டங்களுக்கும் கண்ணாடி போட்டுத் தந்தார். பில் வந்திருக்கிறது, பாதி விலைதான். அவருக்கும் நன்றி.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஐ.டி.ஐ.யில் முப்பத்தொரு வருடம் டர்னர் பிரிவு, அதாவது லேத்தில் இரும்பு கடைகிற வேலைக்குப் பயிற்றுநர். எனக்குத் தெரிந்த பழமொழி ஒன்றே ஒன்று. "பழகப் பழகப் பாலும் புளிக்கும்." என்னிடம் படித்தவர்கள் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பார்கள். இன்றைக்கும் அதிலிருந்து தப்ப முடியாது.

பழகிப்போய் நம் கண்ணில் படாத பொருள்களைத்தான் படம் எடுத்து மாட்டியிருக்கிறேன். அவற்றில் இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, கருவிகள். இரண்டு, இயந்திரங்கள். மூன்று, பொது இடங்கள்.

முதலில் கருவி. வலது பக்கச் சுவரில் ஏழாவது படத்தைப் பாருங்கள். ஓர் உளி. அடி வாங்கி வாங்கி அதன் தலை காளான் மாதிரி விரிந்து, விளிம்பெல்லாம் பிளந்து சுருண்டிருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் ஒரு பையன் இதைக் கொண்டுவந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். சுருண்ட விளிம்பு தெறித்துக் கண்ணில் பாயும். கிரைண்டரில் பிடித்துத் தேய்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். முப்பத்தொரு வருடம் அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். ஓய்வு பெற்றபின் ஒரு கல்தச்சர் வீட்டுத் திண்ணையில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தேன். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நிழல். பூ விரிந்த மாதிரி இருந்தது. இரும்பு அதே இரும்புதான். பழகப் பழகப் பால் புளித்திருந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் என்று ஒரு புகைப்படக்காரர். பஞ்சத்தில் அடிபட்ட விவசாயிகளை எடுத்துப் பெயர் வாங்கியவர். 1955-ல் பெரும் பணக்காரர்கள் படிக்கிற ஒரு வணிகப் பத்திரிகைக்காகக் கடையில் விற்கிற குறடு, ஸ்பேனர், கொத்தனார் கரணை, இவற்றை ஒவ்வொன்றாக வெறும் பின்னணியில் வைத்து எடுத்தார். படத்துக்குக் கீழே விலையையும் போட்டார்கள். ஒன்றிரண்டு டாலர்தான். பத்திரிகையைப் புரட்டிய முதலாளிக்குத் தன் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் கிடந்த குறடு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும்.

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைத்ததைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஏழு, எட்டு. சால், தும்பி, வடம், வால்கயிறு, உருளை. இந்த ஐந்து சொல்லும் அந்த எட்டுப் பேரோடு போய்விடும். படம் எடுத்தால் பொருள் மட்டும்தான் தங்கும். எடுக்கும்போதே பக்கத்தில் இருக்கிற பெரியவரிடம் இதற்கு என்ன பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டால் பேரும் தங்கும். அதனால்தான் இங்கே ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் பேர் எழுதியிருக்கிறேன். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்திருக்கிறேன். சின்ன வயதுக்காரர் ஒருவர் வந்து, "சார், அந்தக் காசுக்கு என்ன அர்த்தம்? முதலாளித்துவ விமர்சனமா?" என்றார். இல்லை தம்பி, அது ஸ்கேல்.

இரண்டாவது, இயந்திரம். இங்கேதான் ஒரு கதை சொல்லவேண்டும். கொஞ்சம் நீளம். தலைவர் அம்மா மன்னிக்கவேண்டும்.

கிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் ஒரு தோட்டம். ஊர் பேர் வேண்டாம், தோட்டத்துக்கார ஆத்தா கோபித்துக்கொள்ளும். அங்கே கிணற்றுமேட்டு ஓட்டுச்சாளைக்குள் பழைய ஆயில் இன்ஜின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். 1932-ல் நீலகிரி பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தது என்று புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்தது வேறு, கோயம்புத்தூரிலிருந்து நம் கிணற்றுமேட்டுக்கு வந்தது வேறு. நடுவில் பல வருடம் இந்த இன்ஜின்கள்தான் தண்ணீர் இறைத்தன. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆள் இடுப்பு உயரத்துக்குப் பிளைவீல். லீவரைத் தூக்கி அழுத்தத்தை விட்டுவிட்டு, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றவேண்டும். சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைப் படக்கென்று இறக்கினால், 'டுக்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'டுக் டுக் டுக்'. நேரம் தவறினால் ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு போய்விடும்.

உள்ளே போய்ப் பார்க்கிறேன். ஐம்பது வருட எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிளைவீல் மேல் எருமைத்தோல் மாதிரி ஒரு கறுப்பு. சிலிண்டர் பக்கம் பச்சைப் பெயிண்ட் உரிந்து, அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் இரும்பு. புகைக்குழாயில் துரு மஞ்சளும் காவியுமாக வழிந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் மத்தியான நேரம், ஓட்டுச்சந்து வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து படத்தைக் கெடுக்கும். "ஆத்தா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்றேன். "அதுக்கென்ன கண்ணு, வாங்க" என்றது. அங்கேதான் தப்பு செய்தேன்.

மறுநாள் ஏழு மணி. ஆத்தா குளித்து, வெள்ளைச்சேலை கட்டி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிற்கிறது. சாளைக்குள் போனேன். கண் கூசியது. இன்ஜின் முழுக்க வெள்ளிப் பெயிண்ட்! பிளைவீல், சிலிண்டர், டீசல் டேங்க், புகைக்குழாய், எல்லாம் கோயில் கொடிமரம் மாதிரி பளபளவென்று. நடுவில் மூன்று பட்டை விபூதி, குங்குமம், செவ்வந்தி மாலை. பேரன் பிரஷ்ஷோடு நிற்கிறான், அவன் மூக்கிலும் வெள்ளி. "போட்டோவுக்கு நிக்கறப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும் கண்ணு? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடிச்சோம்" என்றது ஆத்தா. நான் என்ன சொல்வேன்? "ரொம்ப நல்லா இருக்குதுங்க ஆத்தா" என்றேன். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன், ஒன்றில் ஆத்தா பிளைவீல் மேல் கை வைத்து மணப்பெண் மாதிரி நிற்கிறது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

அழாத குறையாகத் திரும்பும்போதுதான் பார்த்தேன். சுவர் ஆணியில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் தொங்குகிறது. அதில் மட்டும் பெயிண்ட் இல்லை. இரண்டு முனையும் கன்னங்கறுப்பு. நடுவில், சரியாக ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது. "இதை ஏனுங்க ஆத்தா விட்டுட்டீங்க?" என்றேன். ஆத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏனுங்க, நீங்க ஐ.டி.ஐ. வாத்தியார்தானே? கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிச்சா வழுக்காதா?"

வாசலுக்கு நேரே மாட்டியிருப்பது அந்தக் கைப்பிடிதான். கோணிச்சாக்கின் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுத்தது.

லேத் பட்டறைகள் பற்றி, பெல்ட் ஓட்டிய காலம் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. நேரமில்லை, அதை இன்னொரு நாள் பார்ப்போம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று கணவன் மனைவி. 1959-லிருந்து சேர்ந்து, தண்ணீர்த்தொட்டி, ஊதுலை, சுரங்கக் கோபுரம் என்று ஊர் ஊராகப் போய் எடுத்தார்கள். மேகமூட்டமான நாளில்தான் எடுப்பார்கள், நிழலே விழக்கூடாது. நேருக்கு நேர் பார்வை. ஒரே மாதிரியான தொட்டிகளை ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையாக மாட்டுவார்கள். ஒன்றைப் பார்த்தால் தொட்டி, பன்னிரண்டைப் பார்த்தால் பன்னிரண்டு முகம். 1990-ல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள், அதுவும் சிற்பத்துக்கான பரிசு! அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1960-களின் கடைசியில் டோர்ட்முண்ட் நகரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக்கூடம் இடிபட இருந்தது. கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1969-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இன்றைக்கு அருங்காட்சியகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்று தலைவர் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள். ஆமாம், மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். பொது இடங்கள் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, மணிக்கூண்டு, பழைய சினிமா கொட்டகை டிக்கெட் கவுன்டர், எல்லாம் படங்களில் இருக்கின்றன, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது நம் சந்தை ரோட்டுச் சுமைதாங்கிக் கற்களைப் பற்றி.

இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் படுக்கவைத்தது. அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர், "கொஞ்சம் பிடியுங்க" என்று யாரையும் கூப்பிடாமல், தானே நெஞ்சு உயரத்தில் சுமையை இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தது. இறக்க முடியாத சுமையோடு அவள் போனாள். வழியில் போகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று வீட்டார் வைத்தார்கள். பக்கத்திலேயே மாடுகள் முதுகு தேய்த்துக்கொள்ள ஒரு கல் நட்டிருப்பார்கள். முப்பத்திரண்டு அறங்களில் ஆவுரிஞ்சுதறியும் ஒன்று என்று தமிழாசிரியர் ஐயா சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளிலும் சுமைதாங்கி, ஆவுரிஞ்சி, தண்ணீர்த்தொட்டி, மடம் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

நம் ரோட்டில் நான் சின்ன வயதில் எண்ணியபோது ஐந்து. இப்போது மூன்று. ஒன்று எப்போது போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. நாலாவதை ரோடு அகலப்படுத்தும்போது பொக்லைன் பெயர்த்துப் போட்டது. தேடிக்கொண்டு போனேன். ஒரு கடை வாசலில் சாக்கடைமேல் பாலமாகக் கிடக்கிறது, எழுத்து உள்ள பக்கம் கீழே. யாரையும் குறை சொல்லவில்லை. கடைக்காரர் தங்கமான மனிதர், அவருக்கு அது கல். அந்த வழியாக அறுபது வருடம் போன எனக்கும் கல்தானே? பழகப் பழகப் பாலும் புளிக்கும்.

மிச்சமுள்ள மூன்றில் ஒன்றில் எழுத்து இருக்கிறது. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் இருட்டியபின் போய், போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, பாகம் பாகமாக எடுத்தேன். பின்சுவரில் இருக்கிறது. "...யம்மாள் நினைவாக" என்பது வரைக்கும் படிக்க முடிகிறது, முன் எழுத்துகள் சிதைந்துவிட்டன. இப்படிப் பாகம் பாகமாக எடுத்து ஒட்டுவதும் புதிதல்ல. கேப்டன் லின்னியஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை, மெழுகு தோய்த்த காகித நெகட்டிவில் வரிசையாக எடுத்து, ஒரே நீளப் படமாக ஒட்டிவைத்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். அடுத்த வருடம் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். 'நிதி இல்லை' என்ற பதிலுக்கு நம் மாகாணத்தில் அத்தனை வயதாகிறது.

தலைவர் அம்மா அவர்களே, நான் நிதி கேட்கவில்லை. ரோடு அகலமாகட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பொக்லைன் வருவதற்கு முதல் நாள் எங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். ஆட்கள் நாங்கள் வருகிறோம், கல்லைத் தூக்கச் செயின் பிளாக் என் பழைய மாணவர் ஒருவர் தருகிறேன் என்றிருக்கிறார். மூன்று கல்லையும் எடுத்து, இதே நூலகத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில், அதே உயரத்தில், அதே திசை பார்த்து நட்டுவிடுகிறோம். சாக்கடைப் பாலமாகக் கிடக்கும் கல்லுக்குப் பதிலாகப் புது ஸ்லாப் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன் என்று கடைக்காரரிடம் பேசிவிட்டேன். "கடைப் பேரை ஸ்லாப்பில் எழுதித் தருவீங்களா?" என்று கேட்கிறார். எழுதித் தருவோம்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. முடிக்கிறேன். வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் பெயரும் கையெழுத்தும் போடுங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், நூலோடு கொண்டுபோய்விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சந்தை ரோட்டு முதல் கல் பக்கத்தில் கூடுகிறோம். வெயில் சாய்வாக விழும் நேரம் அது, ஏழரைக்கு மேல் வந்தால் எழுத்து தெரியாது. கேமரா இல்லாதவர்கள் போனோடு வாருங்கள், போன் இல்லாதவர்கள் சும்மா வாருங்கள், கல்லைக் கழுவ ஆள் வேண்டும். பெயிண்ட் மட்டும் யாரும் கொண்டுவரவேண்டாம்.

வணக்கம்.