மரத்துப்போன கண்

அன்பு வானொலி நேயர்களுக்கு வணக்கம். பல் பிடுங்கும்போதும் விரலில் தையல் போடும்போதும் மருத்துவர் போடுகிற ஊசியை நம் கம்பம் பள்ளத்தாக்கில் ‘மயக்க ஊசி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் மயக்கம் இல்லை. நினைவு தெளிவாக இருக்க, அந்த இடத்து நரம்பு மட்டும் சிறிது நேரம் வலியைச் சொல்லாமல் இருக்கிறது. வலி தெரியாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடுவதைப் பற்றித்தான், முப்பது ஆண்டுகளாகக் கண் மருத்துவம் பார்த்துவருகிறவன் என்ற முறையில், பேச வந்திருக்கிறேன்.

இந்த மருந்தின் கதை தொடங்கியதே கண்ணில்தான். 1884ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், கோக்கைன் கரைசலைத் தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கண்ணாடிமுன் நின்று குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார், உறுத்தவில்லை. இன்று கோக்கைனுக்குப் பதில் வேறு சொட்டு மருந்துகள் வந்துவிட்டன. கண்ணில் விழுந்த இரும்புத்தூளை எடுக்கும் முன் நாங்கள் ஓரிரு சொட்டு விடுகிறோம். கால் மணி நேரம் போல மரத்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், குமுளி மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளுக்குக் கேரியர் பற்றவைக்கிற இளைஞர் ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்தால் நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும் என்பது பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். அவர் வீட்டில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள், கேட்கவில்லை. பிறகு யாரோ கொடுத்த சிறு குப்பியைத் திறந்து விட்டதும் வலி பறந்துவிட்டது. “ஊத்துனா சொகமா இருக்கு சார், கொஞ்ச நேரத்துல திரும்பவும் வலிக்குது, அதான் மறுபடி ஊத்துனேன்” என்றார். பத்து நாள் அப்படியே ஊற்றியிருக்கிறார். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், பாதி வெந்த ஜவ்வரிசியைப்போல் கருவிழி நடுவில் வெளுத்துக் கிடந்தது.

வெல்டிங் வெளிச்சத்தால் உரிந்த கருவிழித் தோல் பொதுவாக ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். மரப்புச் சொட்டு அதை மூடவிடாது; புதுத்தோல் நகர்ந்து வருவதைத் தடுக்கும், இமைப்பதைக் குறைக்கும், கிருமி புகுந்தாலும் தெரியாமல் செய்யும். மாதக்கணக்கில் மருத்துவம் பார்த்தும் தழும்பு நிலைத்துவிட்டது. அந்தக் கண்ணால் இன்று அவரால் விரல்களை எண்ண மட்டுமே முடிகிறது. பேருந்து இரைச்சலில் சிலருக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்பதால் மறுபடி சொல்கிறேன்: மரத்துப்போகும் சொட்டு மருந்து மருத்துவமனை மேசையை விட்டு வீட்டுக்கு வரக்கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

இனி ஊசிக்கு வருகிறேன். நாம் பெரும்பாலும் போட்டுக்கொள்வது லிக்னோகைன். இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும்; இரத்தக்குழாயைச் சுருக்கி மரப்பை நீட்டிக்கச் சேர்க்கிற அட்ரினலின் கலக்காத மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பத்து கிலோ குழந்தைக்கு இரண்டு மில்லியோடு வரம்பு முடிகிறது. எடை கேட்டால் சலித்துக்கொள்கிறோமே, அதற்காகத்தான் கேட்கிறார்கள். அளவு மிஞ்சினாலோ இரத்தக்குழாய்க்குள் இறங்கினாலோ உதடும் நாக்கும் குறுகுறுக்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும், காது இரையும். அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்து வலிப்பு வரலாம், இதயமும் தடுமாறலாம். சிரைவழி கொழுப்புக் கரைசல் ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. அதற்குரிய ஏற்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்டதும் சில நிமிடம் நெஞ்சு படபடப்பது பெரும்பாலும் கலந்துள்ள அட்ரினலினால் வருவது. அதை ‘எனக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொள்கிறவர்கள் பலர். மெய்யான ஒவ்வாமை மிக அரிது.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கைகாட்டுகிறார். களிம்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், இரண்டு வாக்கியத்தில் முடிக்கிறேன். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் பென்சோகைன் கலந்த மரப்புக் களிம்பைத் தடவாதீர்கள், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் போய் உதடு நீலம்பாரிக்கக்கூடும். பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு, மரப்பு தீரும்வரை முறுக்கு கொடுக்காதீர்கள், தன் உதட்டையே கடித்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.