லூயிஸில் இலையுதிர்காலம்: பந்தம் சுற்ற ஆள் வேண்டும்

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் குடை இருக்கிறது. செப்டம்பர் பிறந்ததும் பிறக்காததுமாக இங்கே தூறல் ஆரம்பித்துவிட்டது. நம்ம ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நாள் முழுக்க நசநச என்று பெய்துகொண்டே இருக்கும்.

நான் நிற்பது லூயிஸ் ஊரின் ஹை ஸ்ட்ரீட். இங்கிலாந்தின் தெற்கே, ஈஸ்ட் சசெக்ஸில், பிரைட்டனிலிருந்து ரயில் ஏறினால் கால் மணி நேரம். மொத்த ஊரே ஏறக்குறைய 17,000 பேர்தான். மேலே ஒரு பழைய கோட்டை, கீழே ஊஸ் என்று ஓர் ஆறு, சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். இந்தச் சின்ன ஊரில் அடுத்த இரண்டு மாதம் என்னென்ன நடக்கப் போகிறது, வெளியாட்கள் எதில் கலந்துகொள்ளலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதுதான் பேச்சு.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செப்டம்பரில் 'ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ்' வரும். இங்கிலாந்து முழுக்க நடப்பதுதான். வழக்கமாகப் பூட்டியிருக்கிற, இல்லையென்றால் டிக்கெட் வாங்கித்தான் நுழைய முடிகிற பழைய கட்டடங்களை அப்போது இலவசமாகத் திறந்துவிடுவார்கள். இதே மாதத்தில் 'ஆர்ட்வேவ்' என்ற கலை விழாவும் உண்டு. ஓவியர்களும் குயவர்களும் தங்கள் வீட்டையே திறந்துவைத்திருப்பார்கள், நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். முன்பின் தெரியாதவர் வீட்டு நடுக்கூடத்தில் ஷூவோடு நிற்பதற்கு எனக்கு முதல் வருஷம் ரொம்பக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அக்டோபர் 21, ஆப்பிள் நாள். 1990இல் லண்டனில் தொடங்கிய வழக்கம் இது. அந்த வாரம் எந்தப் பக்கம் போனாலும் ஆப்பிளை நசுக்கிச் சாறு பிழிந்துகொண்டிருப்பார்கள். வீட்டு மரத்துப் பழத்தைக் கூடையில் கொண்டுபோனால் பாட்டிலில் சாறாகத் திரும்பி வரும்.

சரி, இதெல்லாம் இங்கே எந்த ஊரிலும் கிடைக்கும். லூயிஸ் என்றால் வேறு. லூயிஸ் என்றால் நவம்பர் 5.

1605இல் கை ஃபாக்ஸ் என்பவரும் அவருடைய கத்தோலிக்கக் கூட்டாளிகளும் வெடிமருந்து வைத்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்டார்கள். அந்த நாளை நாடு முழுக்க நெருப்பு மூட்டி, பட்டாசு வெடித்துக் கொண்டாடுகிறார்கள். லூயிஸ்காரர்களுக்கு அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கத்தோலிக்கரான ராணி மேரி காலத்தில், 1555 முதல் 1557 வரை, 17 புராட்டஸ்டன்டுகளை இந்த ஊரில் உயிரோடு எரித்தார்கள். அதில் பத்துப் பேரை 1557 ஜூன் 22 அன்று ஒரே தீயில். இதோ, என் பின்னால் தெரிகிறதே டவுன் ஹால், அங்கே அப்போது ஸ்டார் என்று ஒரு சத்திரம் இருந்தது. அதன் வாசலுக்கு முன்னால்தான் எரித்தார்கள். 5ஆம் தேதி ஊர்வலத்தில் அந்தப் பதினேழு பேருக்காகப் பதினேழு சிலுவைகளைக் கொளுத்தித் தூக்கி வருவார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன், பனிமய மாதா கோவில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன். அதனால் முதல் வருஷம் அந்த ஊர்வலத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது உண்மை. கிளிஃப் பகுதியில் தெருவுக்குக் குறுக்கே 'போப்பாட்சி வேண்டாம்' என்று பேனர் கட்டுவார்கள். ஐந்தாம் பால் என்ற போப்பின் உருவத்தைச் செய்து எரிப்பார்கள். வெடிமருந்துச் சதி நடந்த 1605இல் போப்பாக இருந்தவர் அவர்தான். இப்போதிருக்கும் போப்பாண்டவரை இல்லை, அந்தப் பழைய போப்பைத்தான் எரிக்கிறோம் என்று விளக்கமும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன், நான் கத்தோலிக்கன், நான் வரலாமா என்று. அவர் சிரித்துக்கொண்டே, "சனிக்கிழமை காலையில் வா, பந்தத்துக்குச் சாக்கு வெட்ட ஆள் இல்லை" என்றார். அந்தப் பேனர் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாக்கு வெட்டப் போனேன்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இந்தச் சாக்கு விஷயம்தான். எல்லோரும் அந்த ஒரு ராத்திரியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ராத்திரிக்காக ஊர் இரண்டு மாதம் வேலை செய்கிறது. வெளியூர்க்காரர் உள்ளே நுழைய வழி அந்த வேலைதான்.

ஊரில் ஏழு பான்ஃபயர் சங்கங்கள், அதாவது இந்த நெருப்பு விழாவை நடத்துகிற சங்கங்கள். கிளிஃப், கமர்ஷியல் ஸ்கொயர், லூயிஸ் பரோ, சவுத் ஸ்ட்ரீட், சவுத்ஓவர், வாட்டர்லூ என்ற ஆறும் 5ஆம் தேதி தெருவில் இறங்கும். ஏழாவது, நெவில் ஜுவனைல், குழந்தைகளுக்கானது. அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை தனியாக நடத்திவிடுவார்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவர்கள் அதற்குப் போவது புத்திசாலித்தனம். நான் எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். சொன்னால் மற்ற ஐந்து சங்கத்துக்காரர்களும் நாளைக்குக் கடையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சங்கத்தைக் கண்டுபிடிக்கிறது பனியனை வைத்துத்தான். அந்தக் காலத்துக் கடத்தல்காரர்கள் மாதிரி குறுக்குக் கோடு போட்ட கம்பளிப் பனியன். கிளிஃப் கறுப்பும் வெள்ளையும், பரோ நீலமும் வெள்ளையும், வாட்டர்லூ சிவப்பும் வெள்ளையும், இப்படி ஆளுக்கொரு நிறம்.

பந்தத்துக்கு வருவோம். ஒரு மரக்குச்சி. அதன் தலையில் சாக்குத் துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டி, மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும். அவ்வளவுதான். நம் கோவில் புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பார்களே, அதற்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் வேண்டும், எல்லாம் கைவேலை. போன வருஷம் நான் சுற்றிய முதல் பந்தத்தை எழுபது வயசு இருக்கும் ஓர் அம்மா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குச்சியைப் பிடித்து ஓர் உதறு உதறினார். சாக்கு மொத்தமும் என் காலடியில் விழுந்தது. "தெருவில் போகும்போது இது குழந்தை தலையில் விழுந்திருக்கும்" என்றார். அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் துணியை முழங்காலில் வைத்து இழுக்க வேண்டும், கம்பியின் முனையை உள்ளே மடித்துவிட வேண்டும். முனை வெளியே நின்றால் அடுத்தவர் கையைக் கிழிக்கும். கையுறை கட்டாயம். நான் பவுசாகப் போடாமல் போய் இரண்டு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

சின்ன வயசில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பனைமரத்தை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி வைப்பார்கள். எரிகிறதைப் பார்க்க ஊரே வரும். ஓலை கட்ட நாலு பேர்தான் இருப்பார்கள், அந்த நாலு பேருக்குப் பின்னாலேயே நாங்கள் சுற்றிக்கொண்டிருப்போம். இங்கே சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோது அந்த ஓலை வாசனைதான் ஞாபகம் வந்தது.

பந்தம் தவிர உடைத் தையல் இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்திலும் முன்னால் நடக்கிற அணிக்குத் தனி வேஷம். கிளிஃபில் வைக்கிங்குகள் என்ற அந்தக் காலத்துக் கடல் கொள்ளையர்கள், சவுத்ஓவரில் துறவிகள். மணி கோர்ப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் வீட்டிலேயே. ஊசி பிடிக்கத் தெரிந்தால் ராஜ மரியாதைதான். பெரிய உருவ பொம்மைகளை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்கள். யாரை எரிக்கப் போகிறார்கள் என்பது அன்றைக்கு ராத்திரிதான் தெரியும். பெரும்பாலும் அந்த வருஷம் ஊர் வாயில் அகப்பட்ட அரசியல்வாதி.

இன்னொரு நல்ல வழி, வெளியூர்ப் பான்ஃபயர்கள். சசெக்ஸில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஊரில் ஊர்வலம் இருக்கும். ஒரு ஊர்ச் சங்கம் இன்னொரு ஊருக்கு மொய் வைக்கிற மாதிரி போய் நடந்துவிட்டு வரும். அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ், நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை ரை. கூட்டம் தாங்கும்படி இருக்கும். லூயிஸ் கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் அங்கே போங்கள்.

ஏனென்றால் லூயிஸ் நவம்பர் 5 அன்றைக்கு வெளியாட்களை அழைப்பதே இல்லை. இது ஊர்க்காரர்களுக்கான விழா, தயவுசெய்து வராதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள். சமீப வருஷங்களில் மாலையிலிருந்து ரயிலும் லூயிஸில் நிற்பதில்லை. கடைக்காரர்கள் கண்ணாடிக்கு முன்னால் பலகை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தெரு குறுகல், காலடியில் பட்டாசு, முகத்துக்கு நேரே தீ. வீடியோவுக்காக ஒரு ராத்திரி ஓடி வந்து இடிபட்டுவிட்டுப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கத்தில் குடியிருக்கிறீர்கள், சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் கதையே வேறு. அப்போது நைலான், பாலியெஸ்டர் போடாதீர்கள், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தியோ கம்பளியோ போதும். காதில் பஞ்சு. தள்ளுவண்டி வேண்டாம். 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் முந்தின நாளே நடத்திவிடுவார்கள், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவதால், விழா அன்றைக்கு நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

எனக்குப் பிடித்த வேலை ஊர்வலத்தின் கடைசியில் இருக்கிறது, கேமராக்காரர்கள் அதைப் படம் பிடிப்பதே இல்லை. எரிந்து முடிந்த பந்தங்களைத் தெருவில் போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் ஓர் இரும்பு வண்டியைச் சிலர் இழுத்து வந்து, இன்னும் புகைகிற கட்டைகளைப் பொறுக்கி அதில் எறிந்துகொண்டே வருவார்கள். போன வருஷம் அந்த வண்டிக்குப் பின்னால் பாதித் தூரம் நடந்தேன். ஒரு கட்டையில் கம்பி முனை உள்ளே மடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அநேகமாக நான் சுற்றியதாகத்தான் இருக்கும்.

தூறல் விட்டமாதிரி தெரிகிறது. சங்கத்துக் கொட்டகையில் பத்து மணிக்கு முதல் கூட்டம், இப்போதே பத்து ஆகிறது. இந்த முறை கையுறை எடுத்துவிட்டேன். கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார்கள், அதுதான் வீட்டிலேயே இருக்கிறது. ஓடிப்போய் எடுத்து வருகிறேன், கேமராவை அணைக்கிறேன்.