லிப்ட் மெக்கானிக்கிடம் கேட்ட ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

எந்த நிறுவனத்திலும் சேராமல், கேட்பவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது என் தொழில். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் என்பார்கள். "எதைப் பற்றி எழுதுவீர்கள்?" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. போன மாதம் தேனீ, அதற்கு முந்தைய மாதம் லிப்ட், அதற்கும் முன்னால் பார்கோடு. இவற்றில் ஒன்றைக்கூட நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை அதுதான். என் விருப்பத்துக்கு விட்டிருந்தால், ஏற்கெனவே பிடித்த நாலைந்து விஷயங்களையே சுற்றிச் சுற்றி வந்திருப்பேன்.

லிப்ட் பற்றி எழுதச் சொன்னபோது மனசு சோர்ந்துதான் போனது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். 1854-ல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில், எலிஷா ஓட்டிஸ் என்பவர் உயரத்தில் ஒரு லிப்ட் மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்ட வைத்தார். மேடை விழவில்லை, அவர் பொருத்தியிருந்த தடுப்பு பிடித்துக்கொண்டது. நல்ல கதை, ஆனால் பலரும் எழுதிய கதை.

அப்புறம் ஒரு லிப்ட் மெக்கானிக்கைப் பார்த்தேன். மிஷின் ரூமுக்கு அழைத்துப் போனார். கிரீஸ் வாசனை, பேச்சே கேட்காத சத்தம். "இந்த மோட்டாருக்கு எப்போது அதிகக் கஷ்டம்?" என்று கேட்டேன். ஆள் நிறைய ஏறி மேலே போகும்போது என்பார் என்று எதிர்பார்த்தேன். "அது சரிதான். ஆனா காலிக் கூண்டைக் கீழே இறக்கறதும் கிட்டத்தட்ட அதே கஷ்டம் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என் நோட்டை வாங்கி ஒரு சக்கரம் வரைந்தார். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் எதிர் எடை. காலிக் கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து எதிர் எடையை அமைக்கிறார்கள். பாதி ஆட்கள் ஏறினால் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமம். மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. காலியாக இறங்கும்போது கூண்டைவிடக் கனமான எதிர் எடையை மேலே இழுத்தாக வேண்டும். கட்டுரையை அந்தப் படத்திலிருந்துதான் தொடங்கினேன். எந்தத் தலைப்பாக இருந்தாலும், அதைத் தினமும் கையால் தொடுகிறவரிடம் சரியான கேள்வி ஒன்றைக் கேட்கும்வரை அது வாய் திறப்பதில்லை.

தேனீயும் அப்படித்தான். பூ இருக்கும் இடத்தை மற்ற தேனீக்களுக்குச் சொல்ல அது ஆடும் நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃப்ரிஷ், 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். படித்துவிட்டுத்தான் போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டின் முன்னால் நின்றபோதோ, ஆயிரம் தேனீ ஊர்வதுதான் தெரிந்தது. எங்கே பார்ப்பது என்று தேனீ வளர்ப்பவரிடம் கேட்டேன். "ஆடுவதைத் தேடாதீர்கள். நாலைந்து தேனீ ஒன்றின் பின்னாலேயே நெருக்கிக்கொண்டு போகும், அதைத் தேடுங்கள்" என்றார். ஒரே நிமிடத்தில் கண்ணில் பட்டது. உடம்பை உதறிக்கொண்டு ஒரு சின்ன ஓட்டம். வளைந்து திரும்பி, மறுபடி அதே ஓட்டம். செங்குத்தான அடையில் நேர் மேலே ஓடினால், பூ சூரியன் இருக்கும் திசையில். சாய்ந்து ஓடினால், அதே அளவு சூரியனிலிருந்து விலகிப் பறக்க வேண்டும். உதறல் நீள நீளத் தூரம் அதிகம். வழக்கமாக இது அத்தனையும் கூட்டின் இருட்டில் நடக்கிறது. பின்தொடர்பவை உணர்கொம்பால் தொட்டே தெரிந்துகொள்கின்றன.

பார்கோடு விஷயத்தில் வீட்டு அலமாரியே போதுமாயிருந்தது. ஒரு புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள 13 இலக்க எண்ணில், இடமிருந்து இரண்டாவது, நான்காவது என ஒன்று விட்டு ஒன்றை 3-ஆல் பெருக்கி, மற்றவற்றோடு கூட்டுங்கள். மொத்தம் 10-ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் தப்பாக அடிக்கப்பட்டாலும் கணக்கு உதைக்கும். அன்று இரவு பதினைந்து புத்தகங்களைக் கூட்டிப் பார்த்தேன்.

இதை நுனிப்புல் மேய்வது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு துறை வசப்பட்டுவிடாது. அதனால்தான் எழுதி முடித்ததும், விவரம் சொன்னவரிடமே தொழில்நுட்பப் பகுதிகளை வாசித்துக் காட்டிச் சரிபார்க்கிறேன். மெக்கானிக் இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார்.

இப்போது கையில் இருக்கும் தலைப்பு, பூட்டு. நாளைக் காலை பூட்டு பழுது பார்க்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறேன். நோட்டில் முதல் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: சரியான சாவி உள்ளே போகும்போது உங்கள் விரலுக்கு என்ன தெரியும்?

நன்றி, வணக்கம்.