அணையில் விட்ட மீன் அணையோடு நிற்பதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

அணையில் மீன்குஞ்சு விடுவது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கட்லா, ரோகு, மிர்கால். கரையில் மீன்வளத் துறையின் வண்டி வந்து நிற்கும். ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளைச் சிறிது நேரம் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். பையின் சூடும் அணையின் சூடும் ஒன்றானதும் வாயைச் சாய்த்து, விரல் நீளக் குஞ்சுகளான விரலிகளைத் திறந்து விடுவார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அது உணவுக்கான மீன். வலை போட்டுப் பிடித்து, சந்தையில் விற்று, குழம்பில் முடிகிற மீன்.

நான் பேச வந்தது விளையாட்டுக்காக விடப்படுகிற மீனைப் பற்றி. தூண்டில்காரர் அதை எடைக்காக விரும்புவதில்லை, இழுப்புக்காக விரும்புகிறார். அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரிவதில்லை. ஆனால் இந்த ஆசைக்காக எந்தத் தண்ணீரில் எந்த மீனை விடுகிறோம் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

நம் பக்கத்தில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைப் பார்த்ததும் அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ராணுவ மருத்துவராக வந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்த பிரான்சிஸ் டே, 1860களில் குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார். கைகூடவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகு வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. பின்னாளில் அணைகள் வந்தபோது அவற்றின் குளிர்ந்த நீரிலும் வாழ்ந்தது. அந்த மீனுக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் அது திணறும். மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வர முடியாது. வெப்பமே அதற்கு வேலி. அந்த வேலிக்குள் இருக்கிற தவளைக்கும் பூச்சிக்கும் அது நல்ல விருந்தாளி இல்லை என்றாலும், சேதம் மலையோடு நிற்கிறது.

தூண்டில்காரர்கள் தேடி வரும் இன்னொரு ஆற்று மீன் மஹ்சீர். அதற்கு அப்படி வேலி கிடையாது.

காவிரிக்கென்றே ஒரு மஹ்சீர் உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு கூன்போல் எழும்பி நிற்கும், துடுப்புகளில் செம்மஞ்சள் ஓடும். தாடையில் பல்லே இல்லை, பல்லெல்லாம் தொண்டைக்குள். நண்டையும் சிப்பியையும் அங்கே வைத்துத்தான் நொறுக்கும். நல்ல எஃகு தூண்டில் முள்ளைக்கூட அந்தத் தொண்டை தட்டையாக்கிவிடும். காவிரிக் கரையில் இதற்கு இரை கேழ்வரகு. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வேக வைத்து, ரப்பர்போல் இறுகிய உருண்டையை முள்ளைச் சுற்றிப் பொதிந்து, பாறைகளுக்கு நடுவே ஓடும் நீரில் வீசுவார்கள். மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர், 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. இப்படிப்பட்ட மீனைத் தேடித்தான் வெளிநாட்டுத் தூண்டில்காரர்களும் காவிரிக்கு வந்தார்கள்.

இப்போது மகாராஷ்டிரத்துக்குப் போவோம். லோனாவ்லாவில் டாட்டா மின் நிறுவனத்தின் நீர்மின் அணைகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து மஹ்சீர் வேறு இனம். நீலம் கலந்த சாம்பல் நிறத் துடுப்பு, கூன் கிடையாது. அது குறைந்து வருகிறது என்ற கவலையில் 1970களில் அங்கே ஒரு பொரிப்பகம் நடத்தினார்கள். மீனியல் அறிஞர் சி. வி. குல்கர்னி போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். வேலை அழகான வேலை. சினை முற்றிய பெண் மீனை ஈரத்துணியால் பிடித்து வயிற்றை மெல்ல அழுத்துவார்கள். உலர்ந்த தட்டில் பொன்மஞ்சள் முட்டைகள் உதிரும். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து, இறகால் கலக்கி, அதற்குப் பிறகே தண்ணீர் சேர்ப்பார்கள். கருவுற்ற முட்டைகளை ஈரப் பஞ்சில் பொதிந்து விமானத்தில் அனுப்பும் வழியையும் கண்டுபிடித்தார்கள். குளம் வேண்டாம், தொட்டி வேண்டாம், பஞ்சு போதும். எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் மஹ்சீர் போகலாம் என்று ஆயிற்று.

காவிரிக்கும் போயிற்று. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. ஆற்றில் மஹ்சீர் குறைகிறது, தூண்டில்காரர்களுக்கு மீன் வேண்டும், ஒரு பொரிப்பகத்தில் குஞ்சு கிடைக்கிறது. மஹ்சீர்தானே, எந்த மஹ்சீராக இருந்தால் என்ன என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். இன்றைக்கும் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

என்ன நடந்தது என்பதைத் தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகமே சொன்னது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இருந்த கலிபோரே தூண்டில் முகாமில், பிடித்து விட்ட ஒவ்வொரு மீனையும் எழுதி வைப்பது வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் பதிவை, ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்த நீலத் துடுப்பு மீன் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கூன் முதுகு மீன் எண்ணிக்கையில் சரிந்திருக்கிறது. ஆனால் அகப்பட்ட கூன் முதுகு மீன்களின் எடையோ கூடியிருக்கிறது. எடை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. கிழங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, இளசுகள் வரவில்லை என்பதே அதற்குப் பொருள்.

புதிதாக விட்ட மீன் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அணைகள் இருக்கின்றன, மணல் அள்ளுகிறார்கள், வெடி போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஆனால் அதே அணை, அதே மணல், அதே வெடிக்கு நடுவில் நீலத் துடுப்பு மீன் பெருகியிருக்கிறதே!

இதில் இன்னொரு கொடுமை. இவ்வளவு பேர்போன கூன் முதுகு மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லாமலேயே காலம் ஓடியது. அமராவதி அணைக்குத் தண்ணீர் தரும் கேரளத்துப் பாம்பாற்றில் "டோர் ரெமாதேவீ" (Tor remadevii) என்று பெயரிடப்பட்ட மீனும் காவிரியின் கூன் முதுகு மீனும் ஒன்றே என்று 2018இல்தான் நிறுவினார்கள். பெயர் உறுதியாகாத மீனை, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலான சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பெயர் தெளிவான அதே ஆண்டில் நேராக மிக மோசமான படிநிலையில், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினமாகச் சேர்த்தார்கள்.

தூண்டில்காரர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முகாம்களில் பழைய திருட்டு மீன்பிடிகாரர்களே வழிகாட்டிகளாக வேலை பார்த்தார்கள், பரிசல் ஓட்டினார்கள். முகாம் இருந்த இடத்தில் வெடிச் சத்தம் குறைந்தது. வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் கண்காணிப்பும் போயிற்று, கணக்கெழுதும் நோட்டும் போயிற்று. என்னைக் கேட்டால், விளையாட்டு தொடர்ந்திருக்கலாம், குஞ்சு விடுவது மட்டும் நின்றிருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன வேலை என்றால், கூன் முதுகு மஹ்சீர் இன்னும் வாழ்கிற ஆறுகளில் ஒன்று மோயாறு. மோயாறு வந்து சேர்வது பவானிசாகர் அணையில். சுற்றுலாவுக்காக, தூண்டில் போட்டிக்காக, பவானிசாகரில் மஹ்சீர் விரலிகளை விடலாம் என்று நாளைக்கு யாராவது ஒரு திட்டம் எழுதினால், கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் மஹ்சீர் முட்டையிட ஓடும் நீரைத் தேடி மேலே ஏறும் மீன். அணையில் விட்ட குஞ்சு வளர்ந்து மழைக்காலத்தில் நேராக மோயாற்றுக்குள் போகும். அதைத் தடுக்க அங்கே சுவரும் இல்லை, டிரவுட்டுக்கு இருந்த வெப்ப வேலியும் இல்லை. அமராவதிக்கும் இதே கேள்வி உண்டு.

ஆகையால் குஞ்சு விடும் எந்த உத்தரவிலும் "மஹ்சீர்" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகக் கூடாது. எந்த இனம், எந்த ஆற்றின் தாய் மீனிலிருந்து எடுத்த முட்டை, அணைக்கு மேலே ஏற்கெனவே என்ன மீன் வாழ்கிறது, இம்மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கூன் முதுகு மீனையே வளர்த்துப் பெருக்க முடிந்தால் அதை விடட்டும். அதுவரை, விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்குப் பவானிசாகரில் கட்லா இருக்கிறது. இருபது கிலோ கட்லா தூண்டிலில் மாட்டினால் அதுவும் தோள்பட்டையைக் கழற்றத்தான் செய்யும்.

அணையோரத்தில் வலை போடும் மீனவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஹ்சீர் அகப்பட்டால் தண்ணீரில் விடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பக்கவாட்டில் எடுங்கள். தலையிலிருந்து முதுகுத் துடுப்பு வரைக்கும் முழுதாகத் தெரிய வேண்டும், துடுப்பின் நிறமும் தெரிய வேண்டும். தேதியையும் இடத்தையும் குறித்துப் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். நன்றி, வணக்கம்.